நாலாவது நாற்காலி

திண்டுக்கல்லில் கரூர் சாலையோரம் இருந்த அந்த நூல் மில்லில் ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஒரு கூட்டு நிர்வாகக் குழு அமைந்தது. முதலாளி பக்கம் நாலு பேர், தொழிலாளர் பக்கம் நாலு பேர், ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து மில் விஷயங்களைப் பேசித் தீர்மானிக்க வேண்டும். எட்டுப் பேரும் ஒத்துக்கொண்டால்தான் தீர்மானம் செல்லும். முந்தைய ஐப்பசியில் கொட்டுகிற மழையில் கேட்டுக்கு வெளியே நின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் முடிவில் சங்கம் வாங்கியவற்றில் அதுவும் ஒன்று.

தொழிலாளர் பக்கத்து மூன்று இடங்களுக்கு ஆண்களிடையே பலத்த போட்டி. நாலாவது இடம் ரீலிங் பகுதிப் பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். கதிர்களில் சுற்றி வரும் நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றிக் கட்டுவதுதான் ரீலிங் வேலை. சின்னாளபட்டி மாதிரி கைத்தறி ஊர்களுக்கு நூல் சிட்டமாகத்தான் போகும். மில் தொடங்கிய நாளிலிருந்து அந்த வேலையைப் பெண்களே செய்து வந்தார்கள். ஆனால் குழுவுக்குப் பேர் கொடுக்க அங்கே ஒருத்தியும் முன்வரவில்லை.

"மேனேஜருக்கு எதுக்க உக்காந்து பேசிட்டு வந்தா, மறுநா மேஸ்திரி நம்மளைச் சும்மா விடுவாரா?" என்றாள் சகாயசெல்வி. மிஷினில் ராமுத்தாய்க்குப் பக்கத்து ஆள் அவள். சொன்னதை எல்லோரும் ஆமோதித்தார்கள்.

ராமுத்தாய் அறுந்த இழையை முடிந்துகொண்டே சொன்னாள்: "மழையில நின்னது நாமளுந்தான. உக்காருன்னு சொல்றப்ப மட்டும் எதுக்கு ஒதுங்கணும்? யாரும் போகலேன்னா நான் போறேன்."

அப்படித்தான் அவள் குழுவுக்குப் போனாள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் வேலுசாமி ஒரு பூட்டுப் பட்டறையில் சாவிக்கு அரம் போடுகிறவன், அதிகம் பேசாதவன். பிள்ளைகள் இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு தம்பி பொன்ராஜை அவள்தான் ஊரிலிருந்து கூட்டிவந்து வளர்த்தாள். மலைக்கோட்டைக்கு மேற்கே ஒரு வரிசை வீட்டில் மூவரும் இருந்தார்கள்.

முதல் கூட்டத்தில் அவள் நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்தாள். மேனேஜர் ஜம்புநாதன் கோயம்புத்தூரில் பெரிய மில்களில் இருந்து வந்தவர், நிதானமானவர், குரலை உயர்த்தாதவர். அவர் பேசும்போது எழுந்து நின்றுவிட வேண்டும் போல ராமுத்தாயின் கால்கள் பரபரத்தன. பக்கத்தில் இருந்த சங்கச் செயலாளர் சடையாண்டி, "உக்காரு தாயி. இங்க நிக்கிறதுக்கு யாரும் கூலி குடுக்கல" என்று மெல்லச் சொன்னார். அவர் ஸ்பின்னிங் பகுதியில் பழைய ஆள். வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் தடியில் அடிபட்ட இடது தோள் சற்றுச் சரிந்தே இருக்கும்.

ஒரு வருஷத்துக்கு மேல் சின்ன விஷயங்களாகவே பேசினார்கள். குடிதண்ணீர்த் தொட்டி, கக்கூஸுக்குக் கதவு, பிள்ளைகளைப் போட்டுவைக்கும் தொட்டில் அறைக்கு ஒரு ஆயா. ராமுத்தாய் கேட்டவை அவை. ஒவ்வொன்றாக நடந்தன. ரீலிங் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, அடுத்த கூட்டத்துக்கு இதைக் கேள், அதைக் கேள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அவளும் விளிம்பிலிருந்து நகர்ந்து நாற்காலியில் முழுசாக உட்காரப் பழகியிருந்தாள்.

அறுபத்தொன்றாம் வருஷம் தை மாதம் பொங்கல் கழிந்து நடந்த கூட்டத்தில் ஜம்புநாதன் ஒரு திட்டத்தை முன்வைத்தார்.

"சிட்டம் வெலை போகல. குடோனில் ஏறிக்கிட்டே போகுது. பம்பாய்ப் பக்கம் விசைத்தறிக்காரங்க எல்லாரும் கூம்பு மாதிரி சுத்தின கோன் நூல்தான் கேக்கறாங்க. கோன் மிஷின் வாங்கினா மூணு ஷிப்டும் ஓட்டலாம். ரீலிங்கை அப்படி ஓட்ட முடியாது. ராத்திரியில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு சட்டம். அதனால ரீலிங்கை மூடிட்டு அந்த இடத்தில் கோன் மிஷினைப் போடலாம்னு நிர்வாகம் நினைக்குது. பெண்களுக்குச் சட்டப்படி சேரவேண்டிய நஷ்ட ஈடு, அதுக்கு மேலயும் கொஞ்சம், கொடுத்துடுவோம்."

அவர் தொடர்ந்தார்.

"கோன் பகுதிக்குப் புதுசா ஆளை எடுக்க மாட்டோம். பதிலி ஆட்களையே எடுத்துக்கறோம். எல்லாரையும் நிரந்தரம் பண்ணிடறோம். சங்கம் மூணு வருஷமா கேக்கறதுதானே இது?"

அது உண்மைதான். யாராவது வேலைக்கு வராத அன்றைக்கு மட்டும் உள்ளே கூப்பிடப்படுகிறவர்கள் பதிலிகள். ஒவ்வொரு ஷிப்டுக்கும் சங்கு ஊதுவதற்கு முன்னால் கேட்டில் வந்து நிற்பார்கள். டைம்கீப்பர் சிலருடைய பெயரை வாசிப்பார். மற்றவர்கள் கலைந்து போய் அடுத்த சங்குக்குத் திரும்ப வருவார்கள். வருஷக்கணக்காக அப்படி நின்றவர்கள் இருந்தார்கள். அவர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்பதுதான் வேலைநிறுத்தத்தின் முதல் கோரிக்கை. அது மட்டும் கிடைக்காமல் இருந்தது.

தொழிலாளர் பக்கத்து மற்ற இரண்டு ஆண்களும் சடையாண்டியைப் பார்த்தார்கள். அவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுக்க அவருக்கு மனம் வரவில்லை என்பது ராமுத்தாய்க்குத் தெரிந்துவிட்டது.

"அடுத்த கூட்டத்துக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க. எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான்" என்று எழுந்தார் ஜம்புநாதன். கதவருகில் நின்று, "ஏம்மா, உங்க தம்பியும் பதிலிதானே?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே செய்தி போய்விட்டது. பொன்ராஜ் வாசலில் நின்றிருந்தான். சில வருஷங்களாக அவள் பார்க்காத ஒரு தெளிவு அவன் முகத்தில் இருந்தது.

"நெசமாக்கா? அம்புட்டுப் பேரையும் எடுக்கிறாகளாமே?"

"எடுக்கிறேன்னுதான் சொல்றாக."

"பொறவென்ன? மூக்காயி வீட்டுல கடைசியா ஒரு வாட்டி பொறுத்துக்கிறோம்னு சொல்லியிருக்காக. வேலை நிரந்தரம்னா இந்த ஆவணியிலயே வச்சுக்கலாம்பாக."

மூக்காயி அவனுக்குப் பேசிவைத்திருந்த பெண். பதிலிக்குப் பெண் கொடுக்க அவள் அப்பாவுக்கு மனமில்லாமல் கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

ராமுத்தாய் முகம் கழுவி, சோறு போட்டு, வெஞ்சனத்தை வைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"ரீலிங்கை மூடுறாக அப்பு. சகாயசெல்வி, கருப்பாயி, நானு, எல்லாரும் வெளியே போகணும்."

அவன் கை தட்டில் நின்றது. அந்தப் பாதி அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் திரும்பச் சாப்பிட ஆரம்பித்தான்.

"ஒனக்கு மாமா சம்பாத்தியம் இருக்கு. எனக்கும் வேலையாயிட்டா நீ எதுக்குப் போகணும்?"

"எல்லாத்துக்கும் அப்படி இருக்கா? சகாயசெல்விக்கு யாரு இருக்கா?"

"எனக்கு யாரு இருக்கான்னு நீ யோசிக்கலையாக்கா?"

வேலுசாமி விளக்குத் திரியை ஏற்றிவிட்டு, "சாப்பிட விடு அவனை" என்றான். யாரிடம் சொன்னான் என்று அவளுக்குப் புரியவில்லை.

அடுத்த கூட்டத்தில் ஒப்பந்தத் தாளை நகர்த்தி வைத்தார்கள். முதலாளி பக்கம் நாலு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். தொழிலாளர் பக்கத்து இருவர் பேனாவை எடுத்தார்கள். சடையாண்டி எடுக்கவில்லை, ராமுத்தாயைப் பார்த்தார்.

"நான் போட மாட்டேன்ணே" என்றாள் அவள். "ரீலிங்ல இருக்கிற ஒருத்தியைக்கூட இன்னும் யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அவுகளைக் கேக்காம நான் எப்படிப் போடுறது?"

"உங்களைத்தானேம்மா அவங்க அனுப்பியிருக்காங்க? நீங்க சொன்னா அவங்க சொன்ன மாதிரி" என்றார் ஜம்புநாதன்.

"தண்ணித் தொட்டிக்கு நான் சொன்னாப் போதும்யா. இதுக்குப் போதாது."

அன்று சாயங்காலம் மில் கேட்டைத் தாண்டி அவள் நடந்தபோது பதிலிகள் இரண்டு பக்கமும் நின்றார்கள். யாரும் கை ஓங்கவில்லை. ஒருவன் மட்டும் காறித் துப்பினான். அவள் புடவையில் படவில்லை. அந்தக் கூட்டத்தில் பொன்ராஜும் இருந்தான். துப்பியவனை அவன் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. பட்டறைக்குப் போய் வேலுசாமியிடம் வீட்டுச் சாவியை வாங்கி, தன் துணிகளை எடுத்துக்கொண்டு சிநேகிதன் அறைக்குப் போய்விட்டான் என்று பிறகு தெரிந்தது.

அதன் பிறகு வந்த நாட்கள் அவளுக்கு நரகமாக இருந்தன. மேஸ்திரி வேண்டுமென்றே அவளுக்கு மட்டமான கதிர்களாகத் தள்ளினார். நிமிஷத்துக்கு ஒரு இழை அறுந்தது. ஆண்கள் பகுதியில் அவள் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். ரீலிங் பெண்களிடமும் ஒற்றுமை இல்லை. வயதான இரண்டு மூன்று பேர், "குடுக்கிறதை வாங்கிக்கிட்டுப் போயிருவோம் தாயி, ஒன் பிடிவாதத்துல அதுவும் போயிரப்போகுது" என்றார்கள். சகாயசெல்விதான் அவளோடு சடையாண்டி வீட்டுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து, தலையில் முக்காட்டோடு, இடுப்பில் கைக்குழந்தையோடு அப்படியே வந்தாள்.

சடையாண்டி அவர்களுக்குப் பாய் விரித்தார். அவருக்கும் தூக்கமில்லை என்பது கண்களில் தெரிந்தது.

"தாயி, நான் மறைக்க விரும்பல. மூணு வருஷமா அந்தப் பயலுக மூஞ்சியில முழிக்க முடியல எனக்கு. கேட்டைத் தாண்டுறப்ப தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் போறேன். இப்பக் கைக்கெட்டுற தூரத்துல வந்து நிக்கிது. என்ன செய்யச் சொல்றே?"

"கூட்டம் போடுங்கண்ணே. சங்கத்துப் பொதுக்கூட்டம்" என்றாள் ராமுத்தாய். "எப்பவும் போல டீக்கடை மாடியில, விளக்கு வச்ச பொறவு வேண்டாம். அங்க நாங்க எப்படி வர்றது? ஞாயித்துக்கிழமை காலையில வெள்ளன, மைதானத்துல போடுங்க. எங்களை முன்னால வச்சு, எங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க, நீங்க போயிருங்கன்னு. கூட்டம் சொன்னா நான் கையெழுத்துப் போடுறேன்."

சகாயசெல்வி பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு, "நாங்களும் சந்தா கட்டுறவுகதானண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

அவர் ஒத்துக்கொண்டார்.

மலைக்கோட்டைப் பாறையின் கீழே இருந்த பொட்டலில் கூட்டம் நடந்தது. பாறையின் நிழல் இன்னும் பாதி மைதானத்தில் கிடந்தது. ரீலிங் பெண்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து நிழலில் உட்கார்ந்தார்கள். சங்கக் கூட்டம் ஒன்றில் அத்தனை பெண்களை யாரும் அதுவரை பார்த்ததில்லை. ஆண்கள் வெயிலில் நின்றார்கள். பதிலிகள் ஓரமாகத் தனியே நின்றார்கள். சங்க விதிப்படி அவர்களுக்கு அங்கே ஓட்டு கிடையாது. நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும்தான்.

சடையாண்டி நிர்வாகத்தின் திட்டத்தை உள்ளது உள்ளபடி எடுத்துச் சொன்னார். ஒரு பக்கமும் சாயவில்லை. பிறகு ராமுத்தாயைக் கூப்பிட்டார். அவள் பெரிதாக ஒன்றும் பேசவில்லை.

"எங்களை வெளியே அனுப்பணும்னா அனுப்புங்க. எங்களுக்குத் தெரியாம அனுப்பாதீக. மில்லு இருக்கணும், நூலு விக்கணும், அது எங்களுக்கும் தெரியும். ஆளுக்கு வாரத்துல ரெண்டு நாள் வேலையைக் குறைச்சுக்கிறோம். இருக்கிறதைப் பங்கு போட்டுக்கிறோம். ரீலிங்கை மூடாதீக."

பெண்களிடையே முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. முந்தின இரவெல்லாம் அதைப் பேசித்தான் முடிவெடுத்திருந்தார்கள். கருப்பாயி அழுதுகொண்டேதான் ஒத்துக்கொண்டாள்.

அப்போது பதிலிகள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "நான் பேசலாமா?"

பொன்ராஜ். சடையாண்டி தயங்கிவிட்டு, "வா" என்றார்.

அவன் முன்னால் வந்து நின்றான். அக்காவைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துப் பேசினான்.

"அவுகளைக் கேக்காம முடிவெடுக்கக் கூடாதுன்னு எங்கக்கா சொல்லுது. நல்லது. எங்களை யாரு கேட்டா? அந்தக் குழுவுல எங்களுக்கு நாற்காலி இருக்கா? இந்தக் கூட்டத்துல கை தூக்க உரிமை இருக்கா? வேலைநிறுத்தத்துல நாங்களும் அடிபட்டோம். உள்ள இருக்கிறவுக வேலையை விட்டு வெளியே நின்னாக. நாங்க எப்பவும் வெளியேதான் நிக்கிறோம். எங்களைப் பத்தி நீங்க பேசிக்கிறீக. அவுக பேசிக்கிறாக. நாங்க கேட்டுக்கிட்டு நிக்கணும்."

அவ்வளவுதான். திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டான்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நிழல் சுருங்கி, அதன் விளிம்பு பெண்கள் இருந்த இடத்துக்கு வந்திருந்தது. சடையாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப ஓட்டுக்கு விடுவோம். ரீலிங்கை மூடச் சம்மதிக்கிறவுக ஒரு பக்கம்..." என்று ஆரம்பித்தார்.

ராமுத்தாய் மைதானத்தைப் பார்த்தாள். பெண்கள் இருந்தார்கள், அவர்களுடைய புருஷன்மார் சிலர் இருந்தார்கள், பெண்களைப் பிள்ளைகளோடு பார்த்து மனம் இளகிய ஆண்கள் இருந்தார்கள். இப்போது கை தூக்கச் சொன்னால் ரீலிங் பிழைத்துக்கொள்ளும். பதிலிகளுக்கு ஓட்டில்லை என்ற ஒரே காரணத்தால் பிழைத்துக்கொள்ளும். அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"அண்ணே, செத்த நேரம்" என்றாள். "என் தம்பி சொன்னது நெசம். அவுகளும் கை தூக்கட்டும்."

சகாயசெல்வி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "பைத்தியமா ஒனக்கு? நம்ம கழுத்தை நம்மளே அறுத்துக்கிறதா?"

"விதியில இடமில்லையே தாயி" என்றார் சடையாண்டி.

"விதியை எழுதினது நம்மதானண்ணே. அவுகளை விட்டுட்டு நம்ம ஜெயிச்சா, அந்த மேனேஜரு நம்மகிட்டச் செஞ்சதைத்தான் நம்ம அவுகளுக்குச் செய்யிறோம்."

பின்னாலிருந்து கருப்பாயி வாய்விட்டுத் திட்டினாள். ராமுத்தாய் திரும்பவில்லை, முந்தானையைச் சுருட்டிக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். சடையாண்டி கூட்டத்தைக் கேட்டார். எதிர்ப்பும் சம்மதமுமாகக் கூச்சல் எழுந்தது. கடைசியில் பதிலிகளும் கை தூக்கலாம் என்று ஆனது.

கைகளை ஒரு முறை எண்ணினார்கள். ஒத்துவராமல் மறுபடி எண்ணினார்கள். இரண்டாம் தடவை எண்ணியபோதும் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. மைதானம் இரண்டாகப் பிளந்து நின்றது. அண்ணனும் தம்பியும், புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே கை தூக்கியிருந்தார்கள்.

சடையாண்டி எண்ணிக்கையைச் சொல்லவே இல்லை. சரிந்த தோளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நம்மள்ல பாதிப் பேரு மீதிப் பேரை வெளியே தள்ளுற தாளு அது. அதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். பொம்பளைகளும் இருக்கணும், பதிலியும் நிரந்தரமாகணும். ரெண்டையும் கேப்போம். கிடைக்கிற வரைக்கும் கேப்போம். அதுக்குள்ள பசிச்சா என்னைத் திட்டுங்க."

திட்டத்தான் செய்தார்கள். தொழிலாளர் பக்கம் இரண்டையும் கேட்டதும் ஜம்புநாதன் அமைதியாகத் தாளை மடித்து வைத்தார். "அப்ப ரெண்டும் இல்லை" என்றார். பதிலிகளுக்குச் சொன்னதை நிர்வாகம் திரும்பப் பெற்றுக்கொண்டது. சித்திரை போனது, வைகாசி போனது. பதிலிகள் பழையபடி கேட்டில் நின்றார்கள். மூக்காயியை ஆவணியில் வத்தலக்குண்டுப் பக்கம் வேறு இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அந்த வாரமே பொன்ராஜ் கோயம்புத்தூருக்கு ரயிலேறிவிட்டான். வேலுசாமி ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பினான். ராமுத்தாய்க்குச் சொல்லியனுப்பவில்லை. அன்று அவள் மிஷினில் நின்றுகொண்டிருந்தபோது சகாயசெல்வி வந்து காதருகே சொன்னாள். அவள் வேலையை நிறுத்தவில்லை. முடிந்த சிட்டத்தைக் கழற்றி, முறுக்கி, கட்டி வைத்தாள். அடுத்ததை ஏற்றினாள்.

விவகாரம் மதுரையில் சர்க்கார் லேபர் ஆபீசர் முன்னால் போனது. மதுரைக்கும் திண்டுக்கல்லுக்குமாக மாதக்கணக்கில் அலைந்தார்கள். ராமுத்தாய் பஸ்ஸில் வாந்தி எடுப்பாள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போய் வந்தாள். அங்கே வராந்தாவில் நிர்வாகத்தார் ஒரு பெஞ்சிலும் இவர்கள் ஒரு பெஞ்சிலும் காத்திருப்பார்கள். ஒருநாள் ஜம்புநாதன் அவளிடம், "உங்க தம்பி எப்படி இருக்கார்?" என்று கேட்டார். விசாரிப்பில் கேலி இல்லை. "தெரியலைங்கய்யா" என்றாள்.

அறுபத்திரண்டு மாசியில் ஒப்பந்தம் வந்தது. ரீலிங்கை மூட மாட்டார்கள். ஒருத்தியையும் வெளியே அனுப்ப மாட்டார்கள். சிட்டத்துக்குக் கிராக்கி இல்லாத மாதங்களில் பெண்கள் வேலை நாட்களைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கோன் மிஷின்கள் வேறு கட்டிடத்தில் வரும்; வரவர, மூப்புப்படி பதிலிகள் நிரந்தரமாவார்கள். பதிலிகளில் ஒருவர் இனி குழுக் கூட்டங்களில் உட்காரலாம். கடைசியாக ஒரு வரி இருந்தது: ரீலிங்கில் இனிமேல் புதிதாகப் பெண்களைச் சேர்ப்பதில்லை.

அந்த வரியைச் சடையாண்டி படித்துக் காட்டியபோது ராமுத்தாய் நிறுத்தச் சொன்னாள்.

"அப்படின்னா எங்களோட சரியா?"

"நீங்க ஒவ்வொருத்தரா ஓய்வு பெற்றதும் அந்த இடம் மூடிடும்" என்றார் ஜம்புநாதன். "இதுவும் கூடாதுன்னா மறுபடி முதல்லேர்ந்து தொடங்கணும்மா. என்னால அதுக்கு மேல போக முடியாது. எனக்கு மேலயும் ஆள் இருக்காங்க."

அவள் சடையாண்டியைப் பார்த்தாள். கூட வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த சகாயசெல்வியைப் பார்த்தாள். சகாயசெல்வியின் கண்களில் கெஞ்சல் இருந்தது. கேட்டில் இன்னும் நின்றுகொண்டிருந்தவர்களை நினைத்தாள். பேனாவை வாங்கித் தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினாள். குழுவுக்கு வந்த பிறகு கற்றுக்கொண்ட கையெழுத்து அது.

மில்லுக்குத் திரும்பியபோது பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். கருப்பாயி அவள் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். பதிலிகளில் முதல் வரிசை ஆட்கள் கொஞ்சம் பேர் அடுத்த மாதமே உள்ளே போனார்கள். துப்பினவனும் அவர்களில் ஒருவன். அவன் அவளைக் கண்டால் ஒதுங்கிப் போனான். மூப்புப்படி பொன்ராஜின் முறை வந்தபோது டைம்கீப்பர் அவன் பெயரையும் வாசித்தார். பதில் வரவில்லை. அடுத்த பெயரை வாசித்தார்.

இரண்டு வருஷம் கழித்துப் பொன்ராஜ் கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை, பெண்ணும் அந்தப் பக்கம்தான். தாம்பாளத்தை வேலுசாமியின் கையில் கொடுத்து, "மாமா, நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே வந்துரணும்" என்று அவனிடமே சொன்னான். ராமுத்தாய் இலை போட்டாள். அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். இரண்டாம் முறை சோறு வைத்தபோது வேண்டாமென்று கையை நீட்டவில்லை. போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒடம்பைப் பாத்துக்க" என்றான். அவன் சாப்பிட்ட இலையை அவள் அன்றைக்கு வெகுநேரம் எடுக்காமல் வைத்திருந்தாள்.

அறுபத்தைந்தில் மழை பொய்த்தது. கிணறுகள் வற்றி, பழனிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வேலை தேடி டவுனுக்கு வந்தார்கள். ஒருநாள் ஷிப்டு முடிந்து வெளியே வந்த ராமுத்தாயைக் கேட்டருகே ஒரு பெண் மறித்தாள். இருபது வயதிருக்கும். தோளில் ஒரு துணிப்பை. காலெல்லாம் புழுதி.

"ஏனுங்க, ராமுத்தாயக்கா நீங்கதானுங்களா?"

"ஆமா. நீ யாரு?"

"என்ற பேரு பொன்னழகுங்க. தொப்பம்பட்டிப் பக்கமுங்க. இந்த மில்லுல பொம்பளைகளுக்கு வேலை உண்டுன்னாங்க. ரீலிங்கை மூடாம நிறுத்துனது நீங்கதான்னாங்க. நீங்க சொன்னாச் சேத்துக்குவாங்கன்னு..."

ராமுத்தாய் அவளை எதிரே இருந்த கடைக்குக் கூட்டிப்போய் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தாள். அந்தப் பெண் சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னாள்.

"சேக்க மாட்டாக ஆத்தா. புதுசாப் பொம்பளை ஆளைச் சேக்கிறதில்லைன்னு எழுதியிருக்கு."

"யாருங்க எழுதுனது?"

"நாங்கதான். நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அந்தப் பெண்ணுக்கு அது விளங்கவில்லை. "எதுக்குங்க்கா போட்டீங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, வழி கேட்பது போலக் கேட்டாள்.

"உள்ள இருந்தவுகளை வெளியே அனுப்பாம இருக்க" என்றாள் ராமுத்தாய். அவள் சொன்னது அவளுக்கே போதாததாகப் பட்டது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பொன்னழகு டம்ளரைக் கீழே வைத்தாள். "பக்கத்துல வேற எதுனாச்சும் இருக்குங்களா?"

அன்று சாயங்காலம் இருவரும் ஊரெல்லாம் நடந்தார்கள். சுருட்டுக் கம்பெனியில் ஆள் வேண்டாமென்றார்கள். தோல் ஷாப்பில் காவற்காரன் உள்ளேயே விடவில்லை. கடைசியில் வேலுசாமியின் பட்டறைக்காரர் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஆள் கேட்டிருந்தது நினைவுக்கு வந்து, அங்கே கொண்டுபோய் விட்டாள். மில் வேலைக்கு வந்த பெண் அது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த குழுக் கூட்டத்தில், கேன்டீன் விறகுக் கணக்குக்கு அடுத்ததாக ராமுத்தாய் பேச எழுந்தாள். ரீலிங்கில் மூன்று பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், அந்த மிஷின்கள் சும்மா நிற்கின்றன, புதிதாகப் பெண்களை எடுக்க வேண்டும் என்றாள்.

"அது முடிஞ்ச விஷயமாச்சேம்மா" என்றார் ஜம்புநாதன். அவர் தலை முழுக்க நரைத்திருந்தது. "நீங்களே கையெழுத்துப் போட்டது."

"போட்டது நான்தான்யா. அதான் நானே கேக்கிறேன். அன்னைக்கு இங்க இருந்தவுகளுக்காகப் போட்டேன். வெளிய நின்னவுகளை அன்னைக்கு யாரும் கேக்கல."

சடையாண்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "குறிப்புல எழுதிக்கங்க" என்றார். எழுதிக்கொண்டார்கள். முதலாளி பக்கம் ஏற்கவில்லை. பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போனது.

அதற்கடுத்த கூட்டத்திலும் அவள் அதையே கேட்டாள்.